சிங்காநல்லூருக்கும் வேண்டும் ஒரு புயல் கூண்டு

வானிலை ஆய்வு மையத்தின் அன்றாட அறிக்கையில் கடைசியாக ஒரு பத்தி வரும். 'மீனவர்களுக்கான எச்சரிக்கை' என்பது அதன் தலைப்பு. குமரிக்கடல், மன்னார் வளைகுடா, தென்மேற்கு வங்கக்கடல் பகுதிகளில் சூறைக்காற்று மணிக்கு 35 முதல் 45 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 55 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்ற ரீதியில் அது போகும். கோவைக்காரரின் காது அதற்கு முந்தைய பத்தியில் 'மேற்குத் தொடர்ச்சி மலையையொட்டிய மாவட்டங்கள்' என்ற சொற்கள் வரும் வரைதான் திறந்திருக்கும். அதன்பின் சத்தத்தைக் குறைத்துவிடுவோம். நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? உக்கடம் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை ஏறும்போது, "கடல்ல காத்துங்க, லோடு வரலைங்க" என்று கடைக்காரர் சொல்வதோடு அந்தச் சம்பந்தம் முடிந்துபோகிறது.

சிங்காநல்லூரிலிருந்து நேர்கோடு ஒன்றை மேற்கே இழுத்தால், பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து பொன்னானிக் கரையில் அரபிக்கடலைத் தொட ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான். நடுவில் மலை நிற்பதால் கடல் வெகுதூரத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. நாம் கடலுக்குப் போகாதவர்களும் அல்ல. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நின்று பார்த்தால் தெரியும். திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று தெற்கேயும் கிழக்கேயும் போகும் பேருந்துகள் புறப்படும் இடம் அது. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி கடைசியில் போய் நிற்பது திருச்செந்தூரிலோ, இராமேசுவரத்திலோ, வேளாங்கண்ணியிலோ, கன்னியாகுமரியிலோதான்.

போகும் காலத்தையும் கவனியுங்கள். ஆடி அமாவாசைக்கு இராமேசுவரம் போகிறோம். தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருக்கும் நேரம். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிறோம். வடகிழக்குப் பருவமழை இறங்கி, வங்கக்கடலில் தாழ்வுப் பகுதிகள் முளைக்கும் நேரம். பள்ளித் தேர்வு முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு குமரிக்குப் போகிறோம். மேலே வானம் பளிச்சென்று இருக்கும். கடலில் அதுதான், தொலைதூரத்தில் எழுந்து சொல்லாமல் கரையேறும் அலைகளான கள்ளக்கடல் வரும் பருவம்.

2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகேயுள்ள லெமூர் கடற்கரையில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். திருமணத்துக்காக நாகர்கோவில் பக்கம் வந்திருந்த மருத்துவ மாணவர்கள் கடலில் இறங்கினார்கள். அவர்களில் ஐவர் இறந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் பற்றி அதற்குச் சில நாட்கள் முன்பே எச்சரித்திருந்தது. கடற்கரையை மூடியிருந்தார்கள் என்றும், இவர்கள் வேறு வழியாக இறங்கினார்கள் என்றும் செய்திகள் கூறின. மூடிய இடத்துக்குள் ஏன் போனார்கள் என்று கேட்பது எளிது. அன்று பலரும் அதைத்தான் கேட்டார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மழை இல்லை, புயல் இல்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாத நாளில் 'அபாயம்' என்ற ஒற்றைச் சொல், கடலோடு பழகாதவருக்கு எதைச் சொல்லிவிடும்?

அந்த அலைகள் எங்கிருந்து வந்தன என்று அம்மையம் பின்னர் விளக்கியது. ஏப்ரல் 26 அன்று இந்தியாவுக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் அப்பால், தெற்கு அட்லாண்டிக் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு இருந்தது. ஏப்ரல் 28 வாக்கில் அது இந்தியப் பெருங்கடலின் தென்கோடிக்கு நகர்ந்தது. அங்கே வீசிய கடுங்காற்று 11 மீட்டர் உயரம் வரை அலைகளை எழுப்பியது. அவை வடக்கு நோக்கிப் பயணப்பட்டு, மே 4 முதல் கேரளக் கரையையும் நமது தென்கோடியையும் தொட்டன. அண்டார்க்டிகா பக்கத்துக் காற்றின் பலன் ஒரு வாரம் கழித்துக் கணபதிபுரத்தில் வந்து இறங்கியது. அதைத் தந்த காற்று அதற்குள் எங்கோ அடங்கிப்போயிருந்தது.

இந்த அலைகளைப் புரிந்துகொள்ள உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்பதுதான் கவனிக்க வேண்டியது. உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்தாறு விநாடிக்கு ஒன்று வரும். சலசலவென்று சத்தம் போடும், பெரிதாய் ஒன்றும் செய்யாது. தொலைவிலிருந்து வரும் அலைக்கு இந்த இடைவெளி 15, 18 விநாடி, சில நேரம் அதற்கும் மேல். இடைவெளி கூடக் கூட அலைக்கூட்டத்தின் வேகமும் கூடும். 18 விநாடி அலைக்கூட்டம் ஆழ்கடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும், அதிகம் களைக்காமல். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது தெரிவதுகூட இல்லை. படகு மெல்ல ஏறி இறங்கும், அவ்வளவுதான். ஆழம் குறைந்த கரைக்கு வந்ததும் வேகம் குறைந்து, உயரம் கூடி, ஒரே தள்ளாக மணல்மேட்டின் மேலே வரை நீர் ஏறும். ஏறிய நீர் திரும்ப வேண்டுமல்லவா? அது ஓரிடத்தில் வாய்க்கால் போலத் திரண்டு கடலுக்குள் இழுக்கும். முழங்கால் நீரில் நிற்பவரைச் சாய்ப்பது இந்த இழுப்புதான். இரண்டு அலைகளுக்கு இடையே கிடைக்கும் நீண்ட அமைதிதான் இதில் மிகவும் ஏமாற்றுவது. 'இப்போதுதான் அடங்கியிருக்கிறதே' என்று இறங்கத் தோன்றும்.

கொங்குப் பிள்ளைகள் நீச்சல் தெரியாதவர்கள் அல்லர். கிணற்றிலும் வாய்க்காலிலும் பழகியவர்கள். ஆனால் கிணறு இழுக்காது. வாய்க்கால் இழுத்தாலும் ஒரே திசையில் இழுக்கும், எட்டிப் பிடிக்கக் கரை இருக்கும். கடலின் பின்னிழுப்பில் சிக்கியவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினால் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த ஓட்டத்தின் அகலத்தைத் தாண்டிவிடலாம். கடற்கரைச் சிறுவனுக்குப் பழக்கத்தில் வரும் இந்த அறிவு நமக்குப் பாடமாகத்தான் வர முடியும். எந்தப் பாடப் புத்தகத்தின் வழியாக வரும் என்றுதான் தெரியவில்லை. இன்னொன்று: இராமேசுவரத்து அக்னி தீர்த்தம் பெரும்பாலான நாட்களில் குளம்போல் கிடக்கும். நம்மில் பலருக்கு முதல் கடல் அதுதான். அதில் மூழ்கி எழுந்த தைரியத்தோடு குமரியின் மேற்குக் கரையில் இறங்குகிறோம்.

ஐதராபாத் மையத்தின் எச்சரிக்கை தமிழில் வரும்போது, 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை 2.5 மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழக்கூடும்' என்பது போல இருக்கும். இரண்டரை மீட்டர் என்றால் எல்லா அலையும் இரண்டரை மீட்டர் என்று பொருளில்லை. வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைத்தான் அலை உயரம் என்று கடலியலில் குறிக்கிறார்கள். தனியொரு அலை அதில் ஏறத்தாழ இரு மடங்குவரை எழலாம். கடலோடு வாழ்பவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விடுமுறைக்குப் போகிறவருக்கு விளக்க வேண்டும். அலை உயரத்தோடு இடைவெளி விநாடியையும் அந்த மையம் கணித்துத் தருகிறது. செய்தியாக நம்மிடம் வந்து சேரும்போது விநாடி விழுந்துவிடுகிறது. மீட்டர் மட்டும் நிற்கிறது.

அம்மையம் இருப்பது ஐதராபாத்தில் என்பது எனக்குப் பிடித்த செய்தி. தக்காணப் பாறையின் நடுவே, கடற்காற்றே படாத ஊர். 1999-இல் தொடங்கி, அங்கிருந்தபடி சுனாமி எச்சரிக்கை முதல் மீன் கிடைக்கும் பகுதி வரை சொல்கிறார்கள். கடலை அறியக் கடலோரத்தில் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு வருகிறேன். 'நாகையில் 3-ஆம் எண் கூண்டு' என்று தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்தில் ஓடும். அது என்னவென்று பார்வையாளருக்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கப்பல்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவில் தொடங்கிய ஏற்பாடு அது. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கம்பத்தில் ஏறும். 1, 2 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே அச்சுறுத்தல். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். 11-ஆம் எண்ணுக்கு, வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். செயற்கைக்கோள் காலத்திலும் அந்தக் கூண்டு ஏறுகிறது. பழைய வழக்கம் என்று அதைச் சிரித்துத் தள்ள என்னால் முடியவில்லை. படகு எங்கே புறப்படுகிறதோ அங்கே, புறப்படுகிறவன் தலைக்கு மேலே அது தொங்குகிறது. எச்சரிக்கைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

புறப்பட்டுப் போய்விட்டவருக்கு அது பயன்படாது என்பதை 2017-இல் ஒக்கி புயல் காட்டியது. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே புயலாகிக் குமரிக்குத் தெற்கே கடந்து, அரபிக்கடலில் லட்சத்தீவுப் பக்கம் அதிதீவிரம் அடைந்தது. புயல் எச்சரிக்கைக்கென்று வானிலைத் துறை வைத்திருக்கும் படிநிலைகள், 72 மணி நேரம், 48 மணி நேரம், 24 மணி நேரம் என்று இறங்கி வருபவை. ஒக்கி அந்தப் படிகளில் ஏற அவகாசமே தரவில்லை. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு 29-ஆம் தேதி இருந்தது. தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகளோ அதற்குப் பல நாட்கள் முன்பே போய்விட்டிருந்தன. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள் அவர்கள். கரையிலிருந்து பேசும் விஎச்எஃப் கருவியின் எட்டுதூரம் சில பத்துக் கடல் மைல்களோடு முடிந்துபோகும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

அதன்பின் சில நல்ல காரியங்கள் நடந்தன. செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் படகுக்கே அனுப்பும் ஜெமினி கருவி 2019-இல் வந்தது. ஆனால் அது கேட்கும், பேசாது. படகிலிருந்தும் பதில் அனுப்பக்கூடிய இருவழிக் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலி, கடல் நிலையை மீனவரின் பேச்சிலேயே சொல்கிறது. ஏழு ஆண்டுகள் என்பது நீண்ட காலம் என்று குறை சொல்லலாம். என்றாலும் மீனவருக்கான பாதை ஒன்று போடப்பட்டுவிட்டது. உள்நாட்டிலிருந்து கடலுக்குப் போகும் நம்மைப் பற்றித்தான் யாரும் நினைக்கவில்லை, நாமே நினைக்கவில்லை.

உயிர் ஆபத்தை விட்டுவிட்டு வருமானக் கணக்காகப் பார்த்தாலும் அந்தக் கடைசிப் பத்தி நமக்கானதுதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். அந்தக் காற்று எங்கே பிறக்கிறது? கென்யா, சோமாலியா கரையோரம் தரைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. 1969-இல் ஃபிண்ட்லேட்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் அதை வரைந்து காட்டினார். அரபிக்கடலைக் கொந்தளிக்க வைத்தபடி வந்து, மலைத்தொடரில் முட்டி, பாலக்காட்டுக் கணவாயின் 30 சொச்சம் கிலோமீட்டர் இடுக்கில் புகுந்து நம்மிடம் வருகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலை இறக்கைகளைச் சுழற்றுவது அதுவே. அரபிக்கடல் மீனவர்களுக்குத் தடை சொல்லும் நாட்களும் நமது காற்றாலைகள் மும்முரமாக ஓடும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதில் வியப்பில்லை. சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் கோவை நூற்பாலைகள் மின் கணக்குப் போட, அரபிக்கடலின் காற்று முன்னறிவிப்பு ஒரு கச்சாப் பொருளுக்குச் சமம்.

லாலி ரோட்டில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு இது புதிதல்ல. அதன் காலநிலை ஆராய்ச்சி மையம் பருவமழைக்கு முன்பு மாவட்டவாரியாக மழைக் கணிப்பு வெளியிடுகிறது. அதற்கு அவர்கள் பார்ப்பது பசிபிக் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பத்தையும், அங்கே காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்கும் தெற்கத்திய அலைவையும். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடப்போய்க் கண்டெடுத்தது அந்த அலைவு. பசிபிக் சூடேறும் எல்நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை தளர்வதும், நமது ஐப்பசி, கார்த்திகை மழை கூடுவதும் பல முறை நடந்திருக்கிறது. பெரு நாட்டுக் கரையின் வெந்நீருக்கும் சூலூர்ச் சோளக்காட்டுக்கும் உறவு இருக்கிறது. எப்போதும் அல்ல, ஆனால் விதைக்கும் முன் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு.

இந்தக் கணிப்புகள் எல்லாம் கடலில் மிதக்கும் கருவிகளிலிருந்து தொடங்குகின்றன. பசிபிக்கின் நடுவே நங்கூரமிட்ட மிதவை வரிசையைப் பராமரித்த அமெரிக்கக் கப்பல் 2012-இல் ஓய்வு பெற்றது; இரண்டே ஆண்டில் அந்த வரிசையிலிருந்து வரும் தரவு பாதிக்கும் கீழே போனது. நம் பக்கம் சிக்கல் வேறு விதம். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. மிதவையின் நிழலில் மீன் சேரும். மீன் சேரும் இடத்துக்குப் படகு வரும். படகை மிதவையிலேயே கட்டுவார்கள்; கருவிகள் உடையும், சில நேரம் காணாமலும் போகும். புயலைச் சொல்லும் கருவியை, புயலுக்கு முதலில் ஆளாகிறவரே உடைக்கிறார் என்பது வேதனையான முரண். அவரைக் குற்றம் சொல்வதற்கு முன், அந்த மிதவை தனக்கு என்ன சொல்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வெப்பமண்டலக் கடலில் கணிப்பு தவறுவது புதுமையுமல்ல. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பூமிச் சுழற்சியின் திருப்புவிசை குறைகிறது. எங்கு பார்த்தாலும் வெந்நீரும் இடிமேகமும். எந்த மேகக்கூட்டம் சுழலாகத் திரளும் என்பதைக் கடைசி நேரம் வரை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் அப்படித்தான் ஆட்டம் காட்டியது. புயலாகுமா ஆகாதா என்று அறிவிப்புகள் மாறின. கேலிச் சித்திரங்கள் பறந்தன. 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. அதன் மிச்சம் உள்ளே நகர்ந்து, கடலே பாராத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழையைப் போட்டது. கோவை ஓராண்டு முழுக்கக் காணும் மழையில் அது பெரும் பங்கு. அந்த நாளில் 'கடலோர மாவட்டங்களுக்கு' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டு நிம்மதியடைந்த உள்நாட்டுக்காரர் எத்தனை பேரோ. உறுதியில்லாத இடத்தில் உறுதியில்லை என்றே வானிலைத் துறை சொல்லலாம். பத்துக்கு ஆறு வாய்ப்பு என்றால் நம்மூர் விவசாயிக்கு அது புரியும். மேகத்தைப் பார்த்துக் கடலைக்காயை வாரவா வேண்டாமா என்று ஆயுள் முழுக்கப் பந்தயம் கட்டியவர் அவர்.

இவ்வளவும் சொன்னபின் என் கோரிக்கை சிறியது. சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில், திருநெல்வேலி, இராமேசுவரம் பக்கம் போகும் வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு பலகை வேண்டும். ஐதராபாத் மையத்தின் கணிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் ஒருவர் காலையில் அதைப் பார்த்து எழுதச் சில நிமிடம் போதும். எந்தக் கரை, எத்தனை மீட்டர், எத்தனை விநாடி, எந்தத் தேதி வரை, கால் நனைக்கலாமா கூடாதா: இவ்வளவுதான். தினமும் எதையாவது எழுதி வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது சரியான ஆட்சேபம். அதனால்தான் கூண்டை உதாரணம் காட்டுகிறேன். ஆபத்தில்லாத நாளில் பலகை வெறுமையாகவே இருக்கட்டும். எழுத்து ஏறிய நாளில் மட்டும் நடத்துநர் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

கைப்பேசியில் எல்லாம் வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். கைப்பேசி எச்சரிக்கை ஆள் இருக்கும் இடத்தை வைத்து வருகிறது. குமரிக்கான எச்சரிக்கை கோவையில் இருக்கும் வரை நமக்கு வராது; குமரியில் இறங்கியபின் வந்தால், செலவழித்து வந்தாயிற்று, அறை எடுத்தாயிற்று, பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள் என்ற நிலையில் வரும். பயணத்தைத் தள்ளிப்போடுவதோ திசையை மாற்றுவதோ புறப்படும் முன்புதான் நடக்கும்.

பள்ளி, கல்லூரிச் சுற்றுலாக்களுக்கு இதைவிடக் கறாரான ஏற்பாடு தேவை. கடற்கரை ஊருக்கு மாணவர்களை அழைத்துச் செல்ல அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: போகும் நாட்களில் அந்தக் கரைக்கு அலை உயரம் என்ன, இடைவெளி எத்தனை விநாடி? அதை நிரப்ப, அழைத்துப்போகும் ஆசிரியர் ஒருமுறையாவது முன்னறிவிப்பைத் திறந்து பார்த்தாக வேண்டும். வரும் ஏப்ரலுக்கு முன் மாவட்டக் கல்வி அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இது நடந்துவிடும்.